சாவி கொடுக்கும் முன் வாங்கும் காசு: பிரித்தானியாவில் வீடு வாடகைக்கு விடும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், டூட்டிங், குரொய்டன் என்று எங்கள் ஆட்கள் அதிகம் வாழும் இடங்களில் லெட்டிங் ஏஜென்சி நடத்துபவர்கள், சொந்த வீட்டை வாடகைக்கு விடுபவர்கள், மாடி அறையை மட்டும் கொடுப்பவர்கள், "எனக்குத் தெரிந்த ஒரு லேண்ட்லோர்ட் இருக்கிறார்" என்று நடுவில் நிற்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதி அமைச்சருக்கு அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் வாடகைக்கு வருபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அரசு தன் பங்குக்குச் சட்டம் போட்டுவிட்டது. அந்தச் சட்டம் உங்களில் சிலருடைய வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது என்பதே என் முறைப்பாடு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், தமிழில்.

கேட்பது ஒன்றுதான். ஒரு வீட்டை வாடகைக்கு விடுவதில் வரும் செலவை, அந்த வீட்டை விட்டுச் சம்பாதிப்பவர் கட்டட்டும். ஏஜென்டை அமர்த்துவது வீட்டுக்காரர். கட்டணம் கூடிப்போனால் அவர் அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு ஏஜென்டிடம் போகலாம், பேரம் பேசலாம். குடியிருக்க வருபவருக்கு அந்த வழி கிடையாது. அவருக்குப் பிடித்த வீடு எந்த ஏஜென்டிடம் இருக்கிறதோ அந்த ஏஜென்டிடம்தான் அவர் நிற்க வேண்டும். பேரம் பேச வழியில்லாத ஒருவரிடம் போய்க் கட்டணம் கேட்பதில் என்ன நியாயம்? அதோடு, வீட்டுக்காரர் ஏஜென்டுக்குக் கொடுக்கும் காசை வாடகை வருமானத்துக்கான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர் கொடுக்கும் காசை எங்கும் கழிக்க முடியாது.

2019-க்கு முன் இங்கே வீடு எடுத்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். ரெஃபரன்ஸ் பார்க்க ஒரு தொகை, 'அட்மின்' என்று ஒரு தொகை, வீட்டில் உள்ள பொருட்களைப் பட்டியல் போட ஒரு தொகை. உள்ளே வரும்போது ஒன்று, வெளியே போகும்போது ஒன்று. ஆண்டு முடிந்து அதே வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கு, அதே பத்திரத்தில் தேதியை மாற்றித் தருவதற்கு மறுபடியும் ஒன்று. இதே வேலைகளுக்கு வீட்டுக்காரரிடமும் தனியாக வாங்கிய ஏஜென்டுகள் இருந்தார்கள்.

அரசு முதலில் மென்மையான வழியைத்தான் முயன்றது. 2015 மே 27 முதல் ஏஜென்டுகள் தங்கள் கட்டணங்களை அலுவலகத்திலும் இணையதளத்திலும் எல்லாருக்கும் தெரியும்படி போட வேண்டும் என்றது. விலை தெரிந்தால் ஆட்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்ற எண்ணம். ஆனால் வாடகைக்கு வருபவர் ஒப்பிடுவது வீடுகளை, ஏஜென்டுகளை யாரும் ஒப்பிட்டுத் தேடுவதில்லை. பட்டியல் ஜன்னலில் தொங்கியது, காசு போய்க்கொண்டே இருந்தது. ஸ்காட்லாந்தில் இத்தகைய கட்டணங்கள் ஏற்கெனவே சட்டவிரோதம், 2012 நவம்பரில் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாக்கியும் விட்டார்கள். இங்கிலாந்தில் தடை செய்யப்போவதாக 2016 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் பிலிப் ஹமண்ட் அறிவித்தார். சட்டம் நடைமுறைக்கு வர 2019 ஜூன் 1 ஆகிவிட்டது. வேல்ஸில் அதே ஆண்டு செப்டெம்பர் 1. பழைய ஒப்பந்தங்களில் எழுதியிருந்த கட்டணங்களும் இங்கிலாந்தில் 2020 ஜூன் 1-உடன் செல்லாமல் போயின.

இந்த மடலில் நான் சொல்லும் கணக்கெல்லாம் இங்கிலாந்துச் சட்டப்படி. உங்களில் பெரும்பாலானோர் இருப்பது அங்கேதான்.

சட்டம் எழுதப்பட்ட விதம் அழகானது. இன்னின்ன கட்டணம் வாங்கக் கூடாது என்று பட்டியல் போட்டிருந்தால், பட்டியலில் இல்லாத புதுப் பெயரில் ஒன்று முளைத்திருக்கும். அதனால் வாங்கக் கூடியவற்றை மட்டும் எழுதி, மற்றது எல்லாம் தடை என்று வைத்துவிட்டார்கள். வாடகை வாங்கலாம். திருப்பிக் கொடுக்க வேண்டிய டிபாசிட் வாங்கலாம். வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகைக்கு மேற்படாத ஹோல்டிங் டிபாசிட் வாங்கலாம். வாடகைக்காரரே ஒப்பந்தத்தில் மாற்றம் கேட்டால் 50 பவுண்ட் வரை வாங்கலாம், நியாயமான செலவு அதைவிடக் கூடினால் அதைக் காட்டி வாங்கலாம். அவர் நடுவில் விட்டுப் போகக் கேட்டால் அதனால் வரும் இழப்பு, சாவியைத் தொலைத்தால் புதுச் சாவியின் விலை, பில்கள், கவுன்சில் டாக்ஸ். அப்புறம் வாடகை பிந்தினால் வட்டி. அவ்வளவுதான். 'அட்மின்' இதில் இல்லை. 'பத்திரச் செலவு' இல்லை. வீட்டைப் போய்ப் பார்ப்பதற்குக் காசு இல்லை. குடிவரவு நிலையைச் சரிபார்க்கும் 'ரைட் டு ரென்ட்' சோதனைக்கும் காசு இல்லை, அதைச் செய்வது வீட்டுக்காரரின் கடமை.

வட்டி விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். வாடகை 14 நாட்களுக்கு மேல் பிந்தினால் மட்டுமே வட்டி கேட்க முடியும், அதுவும் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் ஆண்டுக்கு 3 சதவீதம்தான் உச்சம். அடிப்படை வட்டி 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,500 பவுண்ட் வாடகை 20 நாள் பிந்தியதற்கு வரும் வட்டி ஏறக்குறைய 5 பவுண்ட் 75 பென்ஸ். "மூன்று நாள் லேட், 50 பவுண்ட் ஃபைன்" என்று வட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவர் எந்தச் சட்டத்தை வைத்து அனுப்புகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமைகளில் படிவம் நிரப்பவும் கடிதம் வாசித்துச் சொல்லவும் என்னிடம் சிலர் வருவதுண்டு. பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள், படிக்க வந்த பிள்ளைகள், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிறார்கள், தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரிய ஆங்கில ஏஜென்சிகளில் பழைய கட்டணங்கள் பெரும்பாலும் போய்விட்டன. எங்கள் ஆட்களிடம்தான் அவை வேறு பெயரில் உயிரோடு இருக்கின்றன. "வீடு எடுத்துத் தந்ததற்கு ஏதாவது பாத்துச் செய்யுங்கோ." "லேண்ட்லோர்டோட கதைச்சு உங்களுக்காகக் குறைச்சுத் தந்திருக்கிறன்." "பேப்பர் வேலைக்கு ஒரு இருநூறு." எல்லாம் கையில் ரொக்கமாக. பற்றுச்சீட்டு கேட்டால் முகம் மாறிவிடும்: "என்னில நம்பிக்கை இல்லையோ?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மொழி தெரியாத ஒருவர் எங்கள் ஆளைத் தேடி வருவது இயல்பு, அதில் பிழையில்லை. அவருக்கு ஆங்கிலத்தில் இருக்கும் ஒப்பந்தம் விளங்காது. அதைத் தமிழில் சொல்லிக் கொடுப்பவர் யார்? வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் ஏஜென்ட். ஒரு பக்கத்துக்காகக் காசு வாங்குபவரே மறுபக்கத்துக்கு மொழிபெயர்ப்பாளரும் ஆகிவிடுகிறார். பத்திரத்தில் இல்லாத ஒரு தொகையை அவர் "இது இங்கத்தைய வழக்கம்" என்று சொன்னால், வந்தவர் அதை எப்படிச் சோதிப்பார்? அவரிடம் இருக்கும் ஒரே அகராதி நீங்கள்தான். "அண்ணை" என்று அவர் உங்களைக் கூப்பிடுவது மரியாதைக்கு மட்டும் இல்லை, உங்களை விட்டால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை என்பதாலும்தான். அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை போட்டு வாங்குவதைத்தான் நான் குற்றம் என்கிறேன். சட்டப்படியும் அது குற்றமாகலாம். 2019 சட்டம் வந்தபோதே முதல் மீறலுக்கு 5,000 பவுண்ட் வரை தண்டப்பணம் வைத்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் மறுபடியும் செய்தால் அது கிரிமினல் குற்றம்.

இனி டிபாசிட். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் ஐந்து வார வாடகைதான் உச்சம். இதில் ஒரு சின்னக் கைவேலை நடக்கிறது. மாத வாடகை 1,500 என்றால், அதை நாலால் வகுத்து வாரத்துக்கு 375, ஐந்து வாரத்துக்கு 1,875 என்று கேட்கிறார்கள். மாதத்துக்கு நாலு வாரம்தானே என்று வந்தவரும் தலையாட்டிவிடுவார். பிப்ரவரியைத் தவிர எந்த மாதத்துக்கும் சரியாக நாலு வாரம் கிடையாது. சட்டப்படி செய்ய வேண்டியது ஆண்டு வாடகையை எடுத்து 52-ஆல் வகுப்பது. 18,000-ஐ 52-ஆல் வகுத்தால் வாரத்துக்கு 346 பவுண்ட் 15 பென்ஸ். ஐந்து வாரம் 1,730 பவுண்ட் 77 பென்ஸ். வித்தியாசம் 144 பவுண்டுக்கு மேல். அந்த 144 பவுண்ட் தடை செய்யப்பட்ட கட்டணம். தெரியாமல் வாங்கியவர்களும் இருக்கலாம் என்று நம்புகிறேன். இப்போது தெரிந்துவிட்டது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.

டிபாசிட்டை வாங்கி என்ன செய்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. 2007 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட வேண்டும். மூன்று இருக்கின்றன: டிபாசிட் புரொடெக்‌ஷன் சர்வீஸ், மைடிபாசிட்ஸ், டெனன்சி டிபாசிட் ஸ்கீம். காசு கிடைத்து 30 நாட்களுக்குள் போட்டு, எங்கே போட்டீர்கள் என்ற விவரத்தை வாடகைக்காரருக்கு எழுத்தில் கொடுக்கவும் வேண்டும். கொடுக்காவிட்டால் நீதிமன்றம் டிபாசிட்டைப் போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். 1,730 பவுண்டை அலமாரியில் வைத்திருந்த வீட்டுக்காரர் 5,000-க்கு மேல் கட்ட நேரலாம். வெளியேறிப் போன வாடகைக்காரர்கூட ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். "எங்கட பிள்ளை மாதிரி, அவன் கேஸ் போடமாட்டான்" என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் வளர்கிற பிள்ளைகள் இதையெல்லாம் ஃபோனில் தேடிக் கண்டுபிடித்து அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

வெளியேறும்போது சுத்தம் செய்யும் காசு என்று ஒரு நிலையான தொகையைக் கழிப்பதும் இதே வகை. வந்தபோது இருந்த அளவு சுத்தமாக விட்டுப் போக வேண்டும் என்று கேட்பது நியாயம். இந்த கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும், அதற்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கக் கூடாது.

ஹோல்டிங் டிபாசிட் பற்றி எனக்குக் கோபம் அதிகம். ஒரே அறைக்கு மூன்று பேரிடம் ஒரு வார வாடகை வாங்கி வைத்துக்கொண்டு, பிடித்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இருவரிடம் "ரெஃபரன்ஸ் சரிவரவில்லை" என்று காசை விழுங்கிவிடும் கதைகளைக் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு ஹோல்டிங் டிபாசிட்தான் வாங்க முடியும். வேறு தேதி எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால், வாங்கிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும். வீட்டுக்காரர் மனம் மாறினால் ஏழு நாட்களுக்குள் முழுக் காசும் திரும்ப வேண்டும். வாடகைக்கு வருபவர் பொய்த் தகவல் கொடுத்தாலோ, தானே பின்வாங்கினாலோ, வாடகைக்கு இருக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று தெரிந்தாலோ, செய்ய வேண்டிய வேலைகளைச் செய்யாமல் இழுத்தடித்தாலோதான் அதை வைத்துக்கொள்ள முடியும். அப்போதும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பளம் போதாது என்பது பொய் சொன்னதாகாது. சம்பளம் எவ்வளவு என்று உண்மையைச் சொன்ன பிறகு காசை வாங்கிவிட்டு, பிறகு சம்பளம் போதாது என்று பிடித்து வைப்பது பிழை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சுமை ஒன்று இருந்தது, முன்கூட்டியே வாங்கும் வாடகை. புதிதாக வந்தவருக்கு இங்கே கிரெடிட் வரலாறு இருக்காது, பழைய வீட்டுக்காரரின் கடிதம் இருக்காது, பிணை நிற்க ஆள் இருக்காது. "அப்ப ஆறு மாத வாடகையை முன்னுக்குத் தாங்கோ" என்பதே பதிலாக இருந்தது. அதே 1,500 பவுண்ட் வீட்டுக்கு ஒரு மாத வாடகையும் ஐந்து வார டிபாசிட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 3,230 பவுண்ட். அதுவே சின்னத் தொகை இல்லை. ஆறு மாத வாடகை கேட்டால் 10,730. இலங்கை ரூபாயில் நாற்பது லட்சம் அளவுக்கு வரும். விசாவுக்கும் விமானத்துக்கும் கல்விக் கட்டணத்துக்கும் ஏற்கெனவே காணி அடகு வைத்துவிட்டு வந்த ஒருவர் இதை எங்கிருந்து கொடுப்பார்? வட்டிக்கு வாங்கித்தான். அதோடு, முன்கூட்டிக் கொடுத்த வாடகை டிபாசிட் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வருவதும் இல்லை. இரண்டாம் மாதமே ஈரம் படிந்து பூஞ்சை பிடித்தால், ஹீட்டிங் நின்றுபோனால், வெளியேறவும் முடியாது. ஆறு மாதக் காசு அடுத்தவர் கையில்.

வாடகையாளர் உரிமைச் சட்டம் 2025 அக்டோபர் 27-இல் அரச ஒப்புதல் பெற்றது. அதன்படி 2026 மே 1 முதல் தனியார் வாடகை வீடுகளுக்கு, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வாடகை என்று ஒரு பென்ஸும் வாங்கக் கூடாது. கையெழுத்தான பிறகு, குடியேறும் முன், ஒரு மாத வாடகை வரைதான். விளம்பரத்தில் ஒரு வாடகையைப் போட வேண்டும், அதற்கு மேல் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் ஏற்கக் கூடாது. காரணம் சொல்லாமல் வெளியேற்ற உதவிய 21-ஆம் பிரிவு நோட்டீசும் அதே நாளோடு போகிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றோ அரச உதவிப் பணம் எடுக்கிறார் என்றோ வீடு மறுப்பதும் கூடாது.

உடனே உங்களில் சிலர் வேறு வழி யோசிப்பீர்கள் என்று தெரியும், ஏனென்றால் 2019-இலும் அதுதான் நடந்தது. ஆறு மாத வாடகை ரொக்கமாக வாங்கி, பத்திரத்தில் ஒரு மாதம் என்று எழுதலாம். "வாடகைக்காரரே விரும்பித் தந்தார்" என்று சொல்லலாம். அல்லது பிணைக்கு மாறலாம்: காசு வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் ஒரு ஆளை நீங்களே ஏற்பாடு செய்வது, அல்லது இந்தப் பிணைக் கம்பெனியில் காசு கட்டினால்தான் வீடு என்பது. சட்டத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மூன்றாம் தரப்பு ஒன்றோடு சேவைக்கோ காப்புறுதிக்கோ ஒப்பந்தம் செய் என்று வாடகைக்காரரைக் கட்டாயப்படுத்துவது 2019 சட்டத்திலேயே தடை. டிபாசிட்டுக்குப் பதிலாகத் திரும்பாத ஒரு சின்னத் தொகை கட்டும் திட்டங்களும் அப்படித்தான். விருப்பமென்றால் எடுக்கலாம் என்று சொல்லலாம், எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லக் கூடாது. விருப்பம் என்று சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அந்தக் காசு திரும்பி வராது, வீட்டில் சேதம் இருந்தால் அதையும் அவர்தான் கட்ட வேண்டும்.

வீட்டுக்காரர்கள் பக்கம் பயம் இருக்கிறது, அது வெறும் சாட்டு இல்லை. இங்கிலாந்து வங்கியின் வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்தது, 2023 ஆகஸ்ட்டில் 5.25 ஆனது. இரண்டு வேலை செய்து ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்ட எங்கள் ஆட்கள் பலருக்கு மாதத் தவணை கழுத்தை நெரித்தது. வீட்டுக் கடன் வட்டியை முழுதாக வருமானத்திலிருந்து கழிக்க முடியாமல் 2020 ஏப்ரலிலிருந்து 20 சதவீத வரிச் சலுகையாகக் குறைத்தும் விட்டார்கள். வாடகை தராமல் உட்கார்ந்துவிட்ட ஒருவரை நீதிமன்றம் மூலம் வெளியேற்ற மாதக் கணக்காகிறது. இதையெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஆபத்துக்கு விலை கொடுக்கிறவர் யார் என்று பாருங்கள். வாடகை தராமல் ஏமாற்றியவர் கொடுப்பதில்லை. அடுத்ததாக வருகிற, ஒன்றும் செய்யாத ஆள் கொடுக்கிறார்.

ஆபத்தைக் குறைக்க நேரான வழிகள் இருக்கின்றன. வேலை கொடுத்தவரின் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் கேளுங்கள். இங்கே வேலை செய்யும் உறவினர் பிணை நின்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். வாடகை வராவிட்டால் ஈடு கொடுக்கும் காப்புறுதி எடுங்கள், அதன் கட்டணத்தை நீங்களே கட்டுங்கள். அது கட்டுப்படியாகவில்லை என்றால் வாடகையில் சேர்த்து விளம்பரத்தில் போடுங்கள். கட்டணத்தைத் தடை செய்தால் வாடகை ஏறும் என்று 2019-இல் ஏஜென்டுகள் சொன்னார்கள். ஏறட்டும் என்பதுதான் என் பதில். வாடகை என்று போட்டால் வீட்டைப் பார்க்கும் முன்பே அந்தத் தொகை தெரிகிறது, பக்கத்து வீட்டோடு ஒப்பிடலாம், பிடிக்காவிட்டால் போகலாம். பழைய வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்து, பிள்ளையின் பள்ளியையும் மாற்றிய பிறகு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஃபோனில் வரும் "இன்னும் ஒரு நானூறு" அப்படிப்பட்டதில்லை.

அறை வாடகைக்கு விடுபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். நீங்களும் அதே வீட்டில் இருந்தால் டிபாசிட் பாதுகாப்புத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது, அது உண்மை. மே 1 விதிகளில் பலவும் உங்களைத் தொடாது. ஆனால் 2019 கட்டணத் தடை, தங்கியிருக்க அனுமதி கொடுக்கும் லைசென்ஸுகளுக்கும் பொருந்தும். "அறை எடுத்துத் தந்த காசு" என்று வாங்குவது உங்களுக்கும் தடைதான். இன்னொன்று. ரொக்கமாக வாங்கி, எழுத்தில் ஒன்றும் கொடுக்காமல், "என் விலாசத்தை எங்கும் போடாதே" என்று சொல்லி அறை கொடுக்கிறீர்கள். அந்த ஆள் வங்கிக் கணக்குத் திறக்க விலாசச் சான்று தேடி அலைகிறார். டாக்டரிடம் பதிய முடியாமல் தடுமாறுகிறார். இரண்டு ஆண்டு ஒழுங்காக வாடகை கட்டியும், அடுத்த வீடு எடுக்கப் போகும்போது அதற்கு ஒரு தாளும் இல்லை. அங்கே அவரிடம் மறுபடியும் பிணை கேட்கிறார்கள். நீங்கள் கொடுக்காத ஒரு பக்கக் கடிதத்தின் விலையை அவர் அடுத்த வாசலில் கட்டுகிறார். சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாதம் ஒரு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? வரிக்குத்தான் பயம் என்றால், சொந்த வீட்டில் அறை விடுபவருக்கு ஆண்டுக்கு 7,500 பவுண்ட் வரை வரியில்லாத சலுகை இருக்கிறது. அதைக் கேட்டு எடுங்கள்.

நேர்மையாகத் தொழில் செய்யும் தமிழ் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, "யாரிடமாவது காட்டி வாசித்துவிட்டு வாங்கோ" என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும். இந்த மடல் அவர்களுக்கும்தான், ஏனென்றால் பக்கத்துக் கடைக்காரர் திருட்டுத்தனமாக இருபுறமும் வாங்கும்போது, நேராக நடப்பவர் வீட்டுக்காரரிடம் கூடுதல் கட்டணம் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் மலிவான இடத்துக்குப் போகிறார். இதைப் பற்றி நீங்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் இருப்பதுதான் எனக்கு வியப்பு. கோவில் திருவிழா மலரிலும் பள்ளி ஆண்டு விழா மலரிலும் முழுப் பக்க விளம்பரம் கொடுக்கும் உங்களுக்கு, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து "இனி ரொக்கம் வாங்குவதில்லை" என்று முடிவெடுக்க ஒரு மாலை போதும்.

வாடகைக்கு இருப்பவர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். தடை செய்யப்பட்ட காசைத் திரும்பப் பெற அவர்கள் வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்கு முறையிடலாம், முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கும் நேரடியாகப் போகலாம். ஏஜென்ட் எந்தக் குறைதீர்ப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார் என்று பார்த்து அங்கேயும் எழுதலாம். 2014 அக்டோபர் முதல் ஏஜென்டுகள் ஒன்றில் சேர்ந்தே இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் வாடிக்கையாளர் காசுக்குப் பாதுகாப்புத் திட்டத்திலும் இருக்க வேண்டும். இரண்டிலும் இல்லாமல் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் அடுத்தவர் காசைத் தொடவே கூடாது. வட்ஸ்அப் செய்தி, வங்கிப் பரிமாற்றம், அனுப்பிய குரல் பதிவு எல்லாம் சான்றுதான். கையில் கொடுத்த காசுக்குக்கூட, "நேற்று தந்த 200 பவுண்ட் எதற்கு அண்ணை?" என்று அன்றைக்கே ஒரு செய்தி அனுப்பி வைத்திருந்தால் அதுவும் பயன்படும். இப்படி எல்லாரையும் வழக்குக்குத் தூண்டுகிறேன் என்று சிலர் கோபப்படுவீர்கள். வழக்குக்குப் போகாமல் தீர்க்கும் வழி உங்கள் கையில்தான் இருக்கிறது.

நடைமுறையில் நான் கேட்பது அதிகம் இல்லை. டிபாசிட்டை 52-ஆல் வகுத்துக் கணக்குப் பாருங்கள், கூட வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். காசு எல்லாம் வங்கி வழியாக வரட்டும். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்பே கொடுங்கள், கையெழுத்து மேசையில் அதை விளக்கும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள், உங்களைச் சாராத ஒருவர் செய்யட்டும். நடுவில் நிற்பவருக்குக் காசு கொடுக்க வேண்டுமென்றால் அதை வீட்டுக்காரர் கொடுக்கட்டும், அதையும் வாடகைக்காரருக்குத் தெரியப்படுத்துங்கள்.

கடைசியாக, கட்டணப் பட்டியலை அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அது உள்ளே, கதவுக்குப் பின்னால், சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் ஒன்று ஒட்டுங்கள்: ஹோல்டிங் டிபாசிட் ஒரு வாரம், டிபாசிட் ஐந்து வாரம், முன்வாடகை ஒரு மாதம், வேறு எந்தக் காசும் இந்த அலுவலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். வாசகம் எழுதித் தர ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், அதற்குக் கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
வாடகை வீட்டில் இருக்கும் உங்களில் ஒருவர்